1948 ஜெர்மன் கால்பந்து சாம்பியன்ஷிப்: எட்டு அணிகள், ஆறு ஆட்டங்கள், நடக்காமல் போன ஒன்று

ஜெர்மனியின் தேசிய கால்பந்து லீக்கான புண்டஸ்லிகா தொடங்கியது 1963-ல். ஆனால் ஜெர்மன் சாம்பியன்களின் பட்டியல் 1903-லிருந்தே ஓடுகிறது. 1944-க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் காலியாக இருக்கும். 1948-க்கு நேரே ‘1. எஃப்.சி. நியூரம்பெர்க்’ என்று இருக்கும் (முன்னால் வரும் ‘1.’ கிளப்பின் பெயரிலேயே உள்ளது). அந்த ஆண்டின் ஆட்ட விவரங்களைத் தேடிப் போனால் இன்னும் குழப்பம். லீக் அட்டவணை எதுவும் கிடைக்காது. மொத்தமே எட்டு அணிகள்தான் ஆடியிருக்கின்றன. காலிறுதியில் நியூரம்பெர்க்குக்கும் பிளானிட்ஸுக்கும் நடந்திருக்க வேண்டிய ஆட்டத்துக்குக் கோல் கணக்கே இல்லை.

லீக் இல்லாமல் தேசிய சாம்பியனை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? எட்டு அணிகளை யார், எந்தக் கணக்கில் பொறுக்கினார்கள்? பிளானிட்ஸ் ஏன் வரவில்லை? போருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படித் துண்டாடப்பட்டிருந்தது என்று தெரிந்தால்தான் இதற்கெல்லாம் விடை புரியும்.

முதலில் அடிப்படை: சாம்பியன்ஷிப் வேறு, கோப்பை வேறு

லீக்கில் வெல்பவர் சாம்பியன், நாக்-அவுட்டில் வெல்பவர் கோப்பையைத் தூக்குபவர் என்பது இன்றைய வழக்கம். ஜெர்மனியில் அறுபது ஆண்டுகள் அப்படி இல்லை. அங்கே லீக் என்பது வட்டார அளவில் மட்டும். வட்டாரங்களில் முன்னணியில் வந்த அணிகள் பருவத்தின் முடிவில் ஒன்றுகூடி, தேசிய பட்டத்துக்கு மோதும். 1903-ல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் வி.எஃப்.பி. லைப்சிக் அணி, பிராக் நகரிலிருந்து வந்த ஜெர்மன் அணியை 7-2 என்று தோற்கடித்ததும் இப்படித்தான்.

நாஜி ஆட்சியில் 1934 முதல் 1941 வரை இறுதிக் கட்டத்தில் குழுச் சுற்றும் சேர்ந்திருந்தது. போர் முற்றியதும் 1942-ல் மறுபடி முழு நாக்-அவுட்டுக்குப் போனார்கள். கடைசிப் போர்க்கால இறுதி 1944 ஜூன் 18 அன்று பெர்லினில். டிரெஸ்டன் எஸ்.சி. அணி 4-0 என்று ஹாம்புர்க் விமானப்படை அணியை வென்றது. வென்ற அணியில் ஆடிய ஹெல்முட் ஷோன் பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளராகி 1974 உலகக் கோப்பையை வென்றவர்.

ஆக, 1948-ல் நாக்-அவுட் நடந்தது புதுமை அல்ல. அதற்குள் கொண்டுவர வேண்டிய நாடுதான் நாலாகக் கிடந்தது.

நாடு இல்லை, சங்கமும் இல்லை

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் அதை ஆக்கிரமிப்பு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. சோவியத் மண்டலத்துக்கு நடுவே இருந்த பெர்லின் நகரமும் தனியாக நான்கு பகுதிகளாகப் பிரிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு தனது 23-ஆம் ஆணையைப் பிறப்பித்தது. பழைய விளையாட்டு அமைப்புகள் கலைக்கப்பட வேண்டும். புதியவை உள்ளூர் அளவில், ராணுவ நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டுமே இயங்கலாம். காரணம் வலுவானது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே பெரிய கிளப்புகள் பலவும் யூத உறுப்பினர்களை வெளியேற்றியிருந்தன. 1. எஃப்.சி. நியூரம்பெர்க்கும் 1933 ஏப்ரலில் அதைச் செய்த கிளப்தான். அதற்கு முந்தைய ஆண்டே அதன் பயிற்சியாளரான ஹங்கேரிய யூதர் யெனோ கொன்ராட், நாஜிப் பத்திரிகையின் வெறுப்புப் பிரசாரத்தால் நகரை விட்டே போக வேண்டியதாயிற்று. 1948 சாம்பியனைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது.

ஆணை ஒன்றுதான், ஆனால் மண்டலத்துக்கு மண்டலம் வேறு மாதிரி நடைமுறைக்கு வந்தது.

1. அமெரிக்க மண்டலத்தில் பழைய கிளப்புகள் சீக்கிரமே பழைய பெயர்களில் திரும்பின. போர் முடிந்து ஆறு மாதம் ஆவதற்குள், 1945 நவம்பரில், தெற்கு ஒபர்லிகா தொடங்கிவிட்டது. ‘ஒபர்லிகா’ என்பது அன்றைக்கு உயர்மட்ட வட்டார லீக்.

2. பிரிட்டிஷ் மண்டலத்தில் வடக்கு, மேற்கு என இரண்டு ஒபர்லிகாக்கள் 1947-ல் வந்தன. அவற்றின் முன்னணி அணிகள் தங்களுக்குள் ஒரு மண்டல சாம்பியன்ஷிப் ஆடின.

3. பிரெஞ்சு மண்டலத்தில் தென்மேற்கு ஒபர்லிகா.

4. சோவியத் மண்டலத்தில் பழைய கிளப்புகளுக்கு மறுவாழ்வே இல்லை. ஊர் அல்லது பேட்டை அளவிலான ‘விளையாட்டுச் சமூகங்கள்’ மட்டும்தான். எஸ்.ஜி. பிளானிட்ஸ் என்பதில் வரும் எஸ்.ஜி. அதன் சுருக்கம். பழைய டிரெஸ்டன் எஸ்.சி.கூட ஃபிரீட்ரிஷ்ஷ்டாட் என்ற தன் பேட்டையின் பெயரில்தான் ஆட வேண்டியிருந்தது.

ஜெர்மன் கால்பந்துச் சங்கமும் அப்போது கிடையாது. அது முறைப்படி மீண்டும் இயங்கத் தொடங்கியது 1950-ல். மண்டலச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசித்தான் 1948 போட்டியை நடத்தினார்கள். ஃபிஃபாவில் ஜெர்மனிக்கு இடமில்லை. அதே கோடையில் லண்டனில் நடந்த ஒலிம்பிக்குக்கும் அழைப்பு இல்லை. இந்திய அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது அந்த ஒலிம்பிக்கில்தான்.

ஏன் லீக் சாத்தியப்படவில்லை

தேசிய லீக் என்றால் பதினாறு, பதினெட்டு அணிகள் வாராவாரம் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். 1947-48-ல் அதற்கான எதுவுமே இல்லை. பாலங்கள் உடைந்து கிடந்தன. ரயில் ஓட நிலக்கரி போதவில்லை. சோவியத் மண்டல எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை சாப்பாடு. ரேஷனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த அளவே சுமார் 1,500 கலோரி. மோசமான மாதங்களில் பல நகரங்களில் கைக்கு வந்தது ஆயிரத்தை ஒட்டித்தான். முழு ஆட்டம் ஓடும் ஒரு வீரருக்கு இது எந்த மூலைக்கு? அதனால் பெரிய அணிகள் கிராமங்களுக்குப் போய் நட்பு ஆட்டம் ஆடின. சம்பளம் உருளைக்கிழங்கு, மாவு, பன்றி இறைச்சி. ‘உருளைக்கிழங்கு ஆட்டம்’ என்றே அவற்றுக்குப் பெயர். தேசிய வீரர்களாக இருந்தவர்கள் ஆட்டம் முடிந்து மூட்டையோடு வீடு திரும்பிய காலம் அது.

நாக்-அவுட் இதற்கெல்லாம் ஈடுகொடுத்தது. எட்டு அணிகள் என்றால் சாம்பியனைத் தீர்மானிக்க ஏழு ஆட்டங்கள் போதும். ஒவ்வொரு மோதலும் ஒரே ஆட்டம். சொந்த ஊர், எதிரி ஊர் என்று இருமுறை பயணம் இல்லை. காலிறுதி, அரையிறுதி, இறுதி எல்லாம் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு மண்டலத்திடமும் மாதக்கணக்கில் கெஞ்சாமல், ஓரிரு பயணத்துக்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும். அப்படிக் கேட்டும் ஓர் அனுமதி கிடைக்கவில்லை.

எட்டு இடங்களும் மக்கள்தொகைக் கணக்கும்

ஒதுக்கீடு இப்படி இருந்தது:

1. அமெரிக்க மண்டலம், 2 இடங்கள்: 1. எஃப்.சி. நியூரம்பெர்க், முனிக் 1860.
2. பிரிட்டிஷ் மண்டலம், 2 இடங்கள்: ஹாம்புர்க் எஸ்.வி., சாங்க்ட் பவுலி.
3. பிரெஞ்சு மண்டலம், 2 இடங்கள்: கைசர்ஸ்லாட்டர்ன், கோப்லென்ஸ் நகரின் நொயண்டோர்ஃப்.
4. சோவியத் மண்டலம், 1 இடம்: பிளானிட்ஸ்.
5. பெர்லின், 1 இடம்: யூனியன் ஓபர்ஷோனவைட.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மண்டலத்தில் 2 கோடிக்கும் மேல் மக்கள். பிரெஞ்சு மண்டலத்தில் சுமார் 60 லட்சம். இரண்டுக்கும் சம இடம். பிரெஞ்சு மண்டலத்தைப் போல மூன்று மடங்கு மக்கள் இருந்த சோவியத் மண்டலத்துக்கு ஒரே ஒரு இடம்.

பிரிட்டிஷ் மண்டலத்தின் இரண்டு இடங்களையும் ஹாம்புர்க் என்ற ஒரே நகரின் அணிகள் எடுத்துக்கொண்டன. சுரங்கத் தொழிலாளர்களின் ரூர் பகுதி, அதாவது போருக்கு முன்னும் போரின் நடுவிலும் ஆறு முறை சாம்பியனான ஷால்கேயின் மண், பட்டியலிலேயே இல்லை. மேற்கு ஒபர்லிகாவை வென்ற பொருசியா டோர்ட்முண்ட், மண்டலச் சுற்றில் சாங்க்ட் பவுலியிடம் தோற்று வெளியேறியது. ‘தேசிய’ சாம்பியன்ஷிப்பில் நாட்டின் மிகப் பெரிய கால்பந்து வட்டாரத்துக்கு ஆளில்லை.

இதை அநியாயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இடங்கள் மக்கள்தொகைக்கோ கால்பந்து பலத்துக்கோ ஒதுக்கப்படவில்லை. மண்டலம் என்ற நிர்வாக அலகுக்கு ஒதுக்கப்பட்டன. பேச்சுவார்த்தை மேசையில் மண்டலங்கள்தான் உட்கார்ந்திருந்தன. அப்புறம், ஆடுகளத்தில் வந்த முடிவும் எதிர்பார்ப்பைப் புரட்டிப்போட்டது. நொயண்டோர்ஃப் 2-1 என்று ஹாம்புர்க்கை வீழ்த்தியது. கைசர்ஸ்லாட்டர்ன் 5-1 என்று முனிக் 1860-ஐ நொறுக்கியது. அரையிறுதிக்கு வந்த நாலு அணிகளில் இரண்டு, மிகச் சிறிய மண்டலத்தின் அணிகள்.

நடக்காத ஆட்டம்

பிளானிட்ஸ் என்பது சாக்சனி மாநிலத்தில் ஸ்விக்காவ் நகரின் ஒரு பகுதி. சோவியத் மண்டலத்தின் முதல் சாம்பியன்ஷிப் இறுதி 1948 ஜூலை 4 அன்று லைப்சிக்கில் நடந்தது. ஹால்லே நகரின் ஃப்ரைஇம்ஃபெல்ட அணியை 1-0 என்று வென்று பிளானிட்ஸ் தேசிய போட்டிக்குத் தகுதி பெற்றது. ஜூலை 18 அன்று அமெரிக்க மண்டலத்தில் இருந்த ஷ்டுட்கார்ட்டில் அது நியூரம்பெர்க்கைச் சந்திக்க வேண்டும். அணிக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டம் நடக்காமலே நியூரம்பெர்க் அரையிறுதிக்குப் போனது.

தேதிகளைக் கவனித்தால் காரணம் விளங்கும். ஜூன் 20 அன்று மேற்கு மண்டலங்களில் பழைய பணம் செல்லாததாகி, டாய்ச் மார்க் வந்தது. முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க். கிழக்குக்கு அது தனி பொருளாதாரத்தின், தனி நாட்டின் தொடக்கமாகத் தெரிந்தது. ஜூன் 24 அன்று சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழிகளை அடைத்தது. பத்து நாள் கழித்து பிளானிட்ஸ் மண்டல சாம்பியன். அந்த முற்றுகையின் நடுவே கிழக்கிலிருந்து ஓர் அணியை மேற்கின் நகரத்துக்கு அனுப்பி, ‘ஒரே ஜெர்மனி’யின் பட்டத்துக்கு ஆட வைக்க அங்கிருந்த நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை.

பெர்லினில் நிலைமை வேறு. ஓபர்ஷோனவைட சோவியத் பகுதியில் இருந்தது. ஆனாலும் நகரம் முழுவதற்கும் ஒரே லீக்தான். கிழக்கு, மேற்கு அணிகள் சேர்ந்தே ஆடின. காலிறுதியும் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்திலேயே நடந்ததால் யூனியன் வீரர்கள் மண்டல எல்லை எதையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. சாங்க்ட் பவுலி 7-0 என்று வென்றது.

ஆறு ஆட்டங்கள் சொல்வது என்ன

நியூரம்பெர்க் இரண்டே ஆட்டம் ஆடி சாம்பியன் ஆனது என்று சிலர் குறைவாகப் பேசுவது உண்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதற்கு முன் இருபது அணிகள் கொண்ட தெற்கு ஒபர்லிகாவில் 38 ஆட்டங்கள் ஆடி அது முதலிடம் பிடித்திருந்தது. மற்ற மண்டலங்களில் இவ்வளவு நீண்ட பருவம் இல்லை. உழைப்பை எண்ணினால் எட்டு அணிகளில் அதிகம் ஓடியது இதுதான்.

சாதகம் இருந்ததா? இருந்தது, அரையிறுதியில். பெர்லினில் ஆடித் திரும்பிய சாங்க்ட் பவுலி அடுத்த வாரமே மான்ஹைமில் களமிறங்க, எதிரே ஓய்வெடுத்த நியூரம்பெர்க். ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 3-2 என்று முடிந்தது. இவ்வளவு நெருக்கமான ஆட்டத்தில், ஒரு காலிறுதி ஆடாத கால்களுக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. இன்னொரு அரையிறுதியில் கைசர்ஸ்லாட்டர்ன் மறுபடி 5-1; இந்த முறை தோற்றது நொயண்டோர்ஃப்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 8 அன்று கொலோன் நகரின் முங்கர்ஸ்டோர்ஃப் மைதானத்தில். நகரின் மையம் பெரும்பாலும் இடிபாடு. பேராலயம் மட்டும் குண்டுக் காயங்களோடு நின்றது. அந்த ஊரில் 75,000 பேர் ஆட்டம் பார்க்கத் திரண்டார்கள். நாணயம் மாறி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. புது மார்க் ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவழித்த மக்கள் நுழைவுச் சீட்டுக்கு அதைக் கொடுத்தார்கள் என்றால் கால்பந்துக்கு அங்கே எப்படிப்பட்ட பசி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் ஃபிரிட்ஸ் வால்டர், அவர் தம்பி ஒட்மார் வால்டர். ஃபிரிட்ஸ் போர்க் கைதி முகாமிலிருந்து 1945 அக்டோபரில்தான் ஊர் திரும்பியிருந்தார். வந்த கையோடு கைசர்ஸ்லாட்டர்ன் அணியைக் கட்டி எழுப்பியவர். எதிர்ப்பக்கம் நியூரம்பெர்க்கின் மாக்ஸ் மோர்லோக். முதல் பாதியிலேயே வின்டர்ஸ்டைன், பொஷ்ல் ஆளுக்கொரு கோல் போட்டு நியூரம்பெர்க்கை முன்னிறுத்தினார்கள். இரண்டாம் பாதியில் கைசர்ஸ்லாட்டர்ன் ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் முடியவில்லை. 2-1. நியூரம்பெர்க்குக்கு ஏழாவது பட்டம்.

கைசர்ஸ்லாட்டர்ன் மூன்று ஆட்டங்களில் போட்ட கோல்கள் 11, வாங்கியது 4. நியூரம்பெர்க் போட்டது 5, வாங்கியது 3. குழுச் சுற்றாக இருந்திருந்தால் இந்தக் கணக்குக்கு எடை இருந்திருக்கும். நாக்-அவுட்டில் ஒரு பிற்பகல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும்.

அதே நியூரம்பெர்க் நகரின் நீதிமன்றத்தில், இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், போர்க்குற்ற வழக்கில் க்ருப் (Krupp) என்ற ஆயுத நிறுவனத்தின் இயக்குநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஊரின் பெயர் ஒரே வாரத்தில் இரண்டு விதமாகச் செய்தியில் அடிபட்டது.

வென்றவர்கள் கையில் தர பழைய கோப்பையும் இல்லை. ‘விக்டோரியா’ என்ற அந்தச் சிலைக் கோப்பை 1944-ல் டிரெஸ்டனுக்குப் போனதோடு பார்வையிலிருந்து மறைந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகுதான் சங்கத்திடம் திரும்பி வந்தது. இன்று புண்டஸ்லிகா சாம்பியன் தூக்கும் வெள்ளித் தட்டு 1949-ல் செய்யப்பட்டது. அதில் 1903 முதல் எல்லாச் சாம்பியன்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன, 1948 நியூரம்பெர்க் உட்பட.

இந்த முறை ஏன் நீடிக்கவில்லை

அடுத்த இரண்டு ஆண்டுகளும் நாக்-அவுட்தான். 1949-ல் பத்து அணிகள், 1950-ல் பதினாறு. அவற்றின் முடிவுகளைப் பார்த்தால் முறையின் பலவீனம் தெரியும்.

1. 1949 சாம்பியன் வி.எஃப்.ஆர். மான்ஹைம். தன் சொந்த ஒபர்லிகாவில் அது இரண்டாமிடம். முதலிடம் பிடித்த ஓஃபன்பாக்கை அரையிறுதியில் வீழ்த்தி, இறுதியில் டோர்ட்முண்டைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது.

2. 1950 இறுதியில் வி.எஃப்.பி. ஷ்டுட்கார்ட், ஓஃபன்பாக்கை 2-1 என்று வென்றது. இரண்டுமே தெற்கு ஒபர்லிகாவில் ஃபூர்த் அணிக்குப் பின்னால் முடித்தவை.

ஆண்டு முழுக்க ஆடி முதலிடம் பிடித்ததற்கு மதிப்பு என்ன என்ற கேள்வி எழுந்தது. கூடவே பணக் கணக்கும். ஒரே ஆட்டத்தில் வெளியேறும் அணிக்கு ஒரே ஆட்டத்தின் வசூல்தான். ரயில் ஓடத் தொடங்கி, மேற்கு மண்டலங்கள் ஒரே நாடாகிவிட்ட பிறகு நாக்-அவுட்டைக் கட்டாயமாக்கிய நெருக்கடிகளும் விலகின. 1951-ல் குழுச் சுற்று வந்தது. அந்த ஆண்டே கைசர்ஸ்லாட்டர்ன் தன் முதல் பட்டத்தை எடுத்தது. மூன்று ஆண்டு கழித்து பெர்ன் நகரில் ஹங்கேரியை வென்ற உலகக் கோப்பை அணியில் அந்தக் கிளப்பின் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களோடு நியூரம்பெர்க்கின் மோர்லோக்.

கிழக்கின் அணிகள் என்ன ஆயின

பிளானிட்ஸ் வீரர்களில் பலர் ஹோர்ஷ் ஸ்விக்காவ் என்ற தொழிற்சாலை அணிக்கு வந்தார்கள். 1950 ஏப்ரலில் டிரெஸ்டனில் ஃபிரீட்ரிஷ்ஷ்டாட் அணியை 5-1 என்று வென்று ஸ்விக்காவ் கிழக்கு ஜெர்மன் சாம்பியன் ஆனது. அந்த ஆட்டம் கசப்பில் முடிந்தது. தோற்ற அணியிலிருந்து ஹெல்முட் ஷோன் உட்பட பலர் மேற்கு பெர்லினுக்குப் போய்விட்டார்கள்.

ஓபர்ஷோனவைட அணிக்கு 1950-ல் பிளானிட்ஸின் கதையே நேர்ந்தது. தேசிய சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றது. கிழக்கு ஜெர்மன் அரசு பயண அனுமதி மறுத்தது. இந்த முறை வீரர்கள் காத்திருக்கவில்லை. ஏறக்குறைய அணி முழுவதும் மேற்கு பெர்லினுக்குத் தப்பி, அங்கிருந்து கீல் நகரம் போய் ஹாம்புர்க்கோடு ஆடியது. 0-7 என்று தோற்றது. ஆடியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. மேற்கு பெர்லினில் புதிய கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு இரண்டு ஜெர்மனிகளும் தனித்தனியே சாம்பியன்களைத் தேர்ந்தெடுத்தன. சாக்சனியிலிருந்து ஓர் அணி ஜெர்மன் பட்டத்துக்கு மறுபடி ஆடியது 1991-92 புண்டஸ்லிகாவில்தான். அந்த அணி டைனமோ டிரெஸ்டன்.